துகள் எது? வேதியியல் விடைத்தாள் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்துவது

ஒன்பதாம் வகுப்பில் வேதிப்பிணைப்பு வருகிறது. பத்தாம் வகுப்பில் துகள்களை எண்ணும் அலகான மோல் வருகிறது. பதினொன்றுக்குப் போனால் இரண்டும் சேர்ந்தே வந்து நிற்கின்றன. இராமநாதபுரம் கடலோரத்தில் டியூஷன் எடுப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பிள்ளைகள் வரையறையைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் மட்டும் முழிப்பார்கள்.

தாள் திருத்தும்போது பிழைகள் பல மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். ஒரு பொருளின் பெயரைப் பார்த்ததும், "இதில் இருக்கும் துகள் எது? அணுவா, மூலக்கூறா, அயனியா? அவற்றைப் பிடித்து வைத்திருப்பது எது?" என்று கேட்காமலே பேனாவை எடுத்துவிடுகிறார்கள். பிணைப்புப் பாடத்தில் இந்தக் கேள்வியை விட்டால் காரணம் தப்பாகும். மோல் கணக்கில் விட்டால் எண் தப்பாகும்.

உங்கள் தாளில் சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறதோ, அந்தத் தலைப்பைத் தேடிப் படியுங்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உதாரணங்கள் எல்லாம் நம் பக்கத்துச் சரக்குதான்: வாலிநோக்கம் உப்பு, சிப்பி, ஐஸ் பார், பனங்கற்கண்டு.

"சோடியம் குளோரைடு மூலக்கூறு" என்று எழுதி அடி வாங்கியிருக்கிறீர்கள்

"சோடியம் அணு ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு மூலக்கூறு உருவாகிறது." முதல் வாக்கியம் சரி. இரண்டாவதில்தான் மதிப்பெண் போகிறது.

பிழைக்குக் காரணம் பெரும்பாலும் படம்தான். ஒரு சோடியம், ஒரு குளோரின், நடுவில் ஓர் அம்புக்குறி. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போனது என்பதை மட்டுமே அந்தப் படம் காட்டுகிறது. போன பிறகு அயனிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அது சொல்வதில்லை.

வீட்டில் கல்லுப்பு இருக்கும். பெரிய கல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தட்டையான முகங்களும் செங்கோண மூலைகளும் தெரியும். ஒரு தட்டுத் தட்டி உடைத்தால் கிடைக்கும் துண்டுகளிலும் அதே செங்கோணம் இருக்கும். உப்பளத்துக்குப் போக வாய்த்தால், காற்று அடங்கிய நேரத்தில் பாத்தி நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படிகங்களைக் கவனியுங்கள். சதுர வாயும் படிப்படியாக இறங்கும் உட்சுவரும் கொண்டு குழிவாக இருக்கும். முகத்தின் நடுப்பகுதியைவிட விளிம்பு வேகமாக வளர்வதால் வரும் வடிவம் அது. மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்து கிடக்கும் பொருள் அல்ல இது. உள்ளே ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம். எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரைடு ஜோடி என்று கேட்டால் பதில் கிடையாது.

திருத்தம் எளிது. அயனிச் சேர்மம் என்றால் "மூலக்கூறு" என்பதை அடித்துவிட்டு "வாய்பாட்டு அலகு" (வாய்பாடு காட்டும் விகிதத்தில் உள்ள அயனிகளின் தொகுதி) என்று எழுதுங்கள். 58.5 என்பது அந்த அலகின் நிறை.

மின்கடத்தும் கேள்வியில் காரணத்துக்கு மதிப்பெண் இல்லை

திண்ம உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, உப்புக் கரைசல் கடத்தும். இதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "தண்ணீரில் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன" என்று வருகிறது. துகள் எது என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது. தாமிரக் கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். உப்புக் கரைசலில் நகர்வது சோடியம் அயனியும் குளோரைடு அயனியும். திண்ம உப்பிலும் அதே அயனிகள் உண்டு, ஆனால் இடம் விட்டு நகர முடியாது. 801 டிகிரி செல்சியஸில் உருக்கினாலோ நீரில் கரைத்தாலோதான் நகரும். பனங்கற்கண்டும் படிகம்தான், அதுவும் நீரில் கரையும். ஆனால் அதில் இருப்பது நடுநிலையான சுக்ரோஸ் மூலக்கூறு. கரைந்தாலும் மூலக்கூறாகவே இருக்கும், மின்சுமை கிடையாது, கடத்தாது.

இதைச் செய்து பார்க்கச் சொன்னால் நம் ஊரில் தனியாக ஒரு தொல்லை வரும். 9 வோல்ட் பேட்டரி, சின்ன எல்இடி, அதோடு தொடராக ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், இரண்டு பென்சில் கரி முனைகள். கற்கண்டுத் தண்ணீரில் முனைகளை வைத்தால் எல்இடி மினுக்கென்று எரிகிறது. "சார், புத்தகம் தப்பா?" என்று கேட்பார்கள். புத்தகம் தப்பில்லை, தண்ணீர்தான் தப்பு. கடலோர போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அதுதான் எரிக்கிறது. முதலில் எதுவும் கரைக்காத தண்ணீரில் வைத்துச் சோதியுங்கள். அதிலேயே எரிந்தால், மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கி மறுபடி செய்யுங்கள். உப்புக் கரைசலில் முனைகளில் குமிழ் வரும். அதில் குளோரினும் கொஞ்சம் இருக்கும் என்பதால் எரிகிறதா என்று பார்த்தவுடன் எடுத்துவிடுங்கள். வீட்டு பிளக்கில் கை வைக்கிற வேலையே வேண்டாம்.

நீர் கொதித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்

இதன் தம்பி ஒன்றும் உண்டு: "சகப்பிணைப்பு வலுவற்றது, ஆகவே சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு." (சகப்பிணைப்பு என்பது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைவது.) பல கையேடுகளிலேயே இப்படி அச்சாகியிருப்பதால் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது.

எண்ணை வைத்துச் சோதித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு மோல் நீரை, அதாவது 18 கிராமை, கொதிநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 40.7 கிலோஜூல் வேண்டும். அதே ஒரு மோல் நீர் மூலக்கூறுகளில் உள்ள ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்க, பிணைப்பு ஒன்றுக்குச் சராசரி 463 என்று வைத்தால், இரண்டுக்கும் சேர்த்து 926 கிலோஜூல். அடுப்பில் கொதிக்கும் பானையில் உடைவது இந்தப் பிணைப்பாக இருக்கவே முடியாது. மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புதான் விடுபடுகிறது. மூலக்கூறுக்கு உள்ளே பிடிப்பது ஒன்று, மூலக்கூறுகளுக்கு இடையே பிடிப்பது வேறொன்று. சகப்பிணைப்பு வலுவானதுதான். நீர் மாதிரி தனித்தனி மூலக்கூறுகளால் ஆன பொருள் உருகும்போதும் கொதிக்கும்போதும் அதைத் தொடுவதே இல்லை.

ஐஸ் பாருக்கும் இதே பதில். ஐஸ் உருக மோலுக்கு 6 கிலோஜூல் போதும். "உள்ளே காற்று இருப்பதால் ஐஸ் மிதக்கிறது" என்று எழுதாதீர்கள். குமிழே இல்லாத கண்ணாடி போன்ற ஐஸும் மிதக்கும். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில் கோக்கப்பட்டு நடுவில் வெற்றிடம் விட்டு நிற்பதால், கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம்தான் வருகிறது.

ஐஸ் கம்பெனியில் நன்னீர் ஊற்றிய தகர அச்சுகளை உப்புக் கரைசல் தொட்டியில் இறக்குவார்கள். அச்சுக்குள் இருப்பது உறைந்துவிடும், வெளியே தொட்டி உறையாது. உறைநிலையைக் கீழே இறக்குவது கரைந்த துகள்களின் எண்ணிக்கை. ஒரு மோல் சோடியம் குளோரைடு இரண்டு மோல் அயனிகளைத் தரும், ஒரு மோல் கால்சியம் குளோரைடு மூன்று மோல், ஒரு மோல் சர்க்கரை ஒன்றே ஒன்று.

மணலைக் கார்பன் டை ஆக்சைடு மாதிரி வரைந்திருக்கிறீர்கள்

சிலிக்கனும் கார்பனும் ஒரே தொகுதி. வாய்பாடும் ஒரே அச்சு: ஒன்றுக்கு இரண்டு ஆக்சிஜன். அதனால் இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்புப் போட்டு வரைந்துவிடுகிறார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு அது சரி. தனித்தனி மூலக்கூறு, மைனஸ் 78.5 டிகிரியிலேயே திண்மம் நேராக வாயுவாகிவிடும். மணலில் உள்ள குவார்ட்சில் மூலக்கூறே கிடையாது. ஒவ்வொரு சிலிக்கனும் நான்கு ஆக்சிஜனோடு ஒற்றைப் பிணைப்பு, ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கனுக்குப் பாலம். இந்தக் கோர்வை மணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகிறது. உருக்க வேண்டுமென்றால் இங்கே சகப்பிணைப்பையே உடைத்தாக வேண்டும், அதனால் 1700 டிகிரி அளவுக்குப் போகிறது.

கடற்கரை மணலை ஒரு பிடி எடுத்து வினிகர் சில சொட்டு விட்டால் சில துணுக்குகள் மட்டும் நுரைக்கும். அவை சிப்பித் தூள், கால்சியம் கார்பனேட்டு. குவார்ட்ஸ் மணி சும்மா இருக்கும். சிப்பிக்குப் பதில் பவளப்பாறைத் துண்டைப் பொறுக்கி வந்து சோதிக்கலாமா என்று கேட்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. பவளம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுத்தால் குற்றம்.

வாய்பாடு, நிறை இரண்டும் இடறுகின்றன

இங்கே மூன்று பிழைகள்தான் திரும்பத் திரும்ப வரும். மக்னீசியம் ஆக்சைடில் அயனிகளின் மின்சுமையான 2-ஐயும் 2-ஐயும் குறுக்கே மாற்றிப் போட்டுவிட்டுச் சுருக்காமல் விடுவது. கார்பனேட்டை ஒரே அயனியாகப் பார்க்காமல் கார்பனையும் ஆக்சிஜனையும் தனியாகப் பிரித்துக் கால்சியத்தோடு பிணைப்பது: உள்ளே சகப்பிணைப்பு, கால்சியத்துக்கும் கார்பனேட்டுக்கும் நடுவே அயனிப் பிணைப்பு, ஒரே பொருளில் இரண்டும் உண்டு. மூன்றாவது, அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் 2-ஐக் கடைசி எழுத்துக்கு மட்டும் கொடுப்பது. நீற்றிய சுண்ணாம்பான கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு 40 + 16 + 2 = 58 என்று வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஹைட்ராக்சைடு அயனி இரண்டு, ஆகவே 40 + 2 × 17 = 74.

மோலுக்குப் பதில் கிராமை வைத்து விகிதம் போடுகிறீர்கள்

மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இறால் ஏலம் பார்த்தவர்களுக்குக் "கவுண்ட்" தெரியும். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால், 60 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 60. எடை ஒன்று, எண்ணிக்கை வேறு. சமன்பாட்டில் முன்னால் போடும் எண்கள் எண்ணிக்கையைச் சொல்பவை. தராசு காட்டுவது எடை. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, வேண்டும். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள்.

எந்தத் துகள்? அதைச் சொல்லாத வரை மோலுக்கு அர்த்தம் இல்லை. "ஒரு மோல் ஆக்சிஜனின் நிறை" என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் 16 என்பார்கள், பாதிப் பேர் 32. ஆக்சிஜன் அணுக்கள் என்றால் 16 கிராம், ஆக்சிஜன் மூலக்கூறுகள் என்றால் 32. கேள்வியில் "வாயு" என்று இருந்தால் 32.

இப்போது சிப்பியைச் சுடுவோம். காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டால் நடப்பது:

1 கால்சியம் கார்பனேட்டு → 1 கால்சியம் ஆக்சைடு + 1 கார்பன் டை ஆக்சைடு

"ஒன்றுக்கு ஒன்று, ஆகவே 100 கிராம் சுட்டால் 100 கிராம் சுண்ணாம்பு" என்று எழுதினால் வெளியே போன வாயுவின் எடை எங்கே? "பாதிப் பாதி, 50 கிராம்" என்பதும் வருவதுண்டு. ஒன்றுக்கு ஒன்று என்பது எண்ணிக்கை. 100 கிராம் என்பது ஒரு மோல் கார்பனேட்டு. ஒரு மோல் ஆக்சைடு 56 கிராம், ஒரு மோல் வாயு 44 கிராம். 56 + 44 = 100. இரண்டு பக்கமும் எடை சரியாக வருகிறதா என்று கடைசியில் ஒரு முறை கூட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கணக்கில் மிக மலிவான பாதுகாப்பு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்து நீற்றும்போதும் அப்படித்தான்: 56 + 18 = 74.

கேள்வியில் "95 சதவீதம் தூய்மையான 50 கிலோ கிளிஞ்சல்" என்று வந்தால், தூய்மையை முதலில் கழியுங்கள். 50 × 0.95 = 47.5 கிலோ கார்பனேட்டு. 47.5 × 56 ÷ 100 = 26.6 கிலோ சுட்ட சுண்ணாம்பு. 28 என்று விடை வந்திருந்தால் 95-ஐப் படிக்காமல் தாண்டிவிட்டீர்கள்.

எடை குறைவான வினைபொருளே முதலில் தீரும் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள்

10 கிராம் கால்சியம் கார்பனேட்டு, 8 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எது முதலில் தீரும்?

1 கால்சியம் கார்பனேட்டு + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 1 கால்சியம் குளோரைடு + 1 நீர் + 1 கார்பன் டை ஆக்சைடு

எடையைப் பார்த்தால் அமிலம் என்று தோன்றும். மோலுக்கு மாற்றுங்கள். கார்பனேட்டு 10 ÷ 100 = 0.1. அமிலம் 8 ÷ 36.5 = 0.219. 0.1 மோல் கார்பனேட்டுக்குத் தேவையான அமிலம் 0.2 மோல், அதாவது 7.3 கிராம். நம்மிடம் 8 இருக்கிறது. ஆக, எடை கூடின கார்பனேட்டுதான் முதலில் தீர்கிறது. 0.7 கிராம் அமிலம் மிஞ்சும், 4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மோலுக்கு மாற்றிய பிறகும் தப்பு வருகிறது என்றால் "0.1 சிறியது, அவ்வளவுதான்" என்று நிறுத்தியிருப்பீர்கள்; இந்தக் கணக்கில் அது தற்செயலாகச் சரியாக வரும், எல்லாக் கணக்கிலும் வராது. முன்னால் இருக்கும் 2-ஆல் வகுத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்: 0.1 ஒரு பக்கம், 0.219 ÷ 2 = 0.11 மறுபக்கம்.

எல்லாவற்றையும் 22.4-ஆல் பெருக்குகிறீர்கள்

22.4 லிட்டர் வாயுவுக்கு மட்டும். 18 கிராம் திரவ நீர் 18 மில்லிலிட்டர்தான், 22.4 லிட்டர் அல்ல. அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில். அழுத்தம் 1 பார் என்று கேள்வியில் இருந்தால் 22.7. நம் ஊர் 30 டிகிரியில் ஒரு மோல் வாயு 22.4 × 303 ÷ 273, கிட்டத்தட்ட 24.9 லிட்டர் பிடிக்கும். மேலே வந்த 4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடு அந்த 0 டிகிரி, 1 வளிமண்டல நிலையில் 2.24 லிட்டர், 30 டிகிரி வகுப்பறையில் ஏறத்தாழ 2.5 லிட்டர்.

கடல்நீர்க் கணக்கில் சோடியமும் குளோரைடும் சமமாக வருகிறது

ஒரு கிலோ கடல்நீரில் சராசரி 35 கிராம் உப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் இது இறங்கும், கணக்குக்கு 35 என்றே வைப்போம். 35 ÷ 58.5 = 0.598, ஆகவே சோடியம் 0.598 மோல், குளோரைடு 0.598 மோல் என்று எழுதினால் கணக்கு சுத்தமாக இருக்கும், விடை தப்பாக இருக்கும். "உப்பு" என்ற சொல்லைப் பார்த்ததும் சோடியம் குளோரைடு என்று முடிவு கட்டியதுதான் பிழை.

கடல்நீரில் உப்பு என்று ஒரு பொருள் கிடையாது, அயனிகள்தான் இருக்கின்றன. ஒரு கிலோவில் குளோரைடு 19.35 கிராம், சோடியம் 10.78, சல்பேட்டு 2.71, மக்னீசியம் 1.29, கால்சியம் 0.41, பொட்டாசியம் 0.40, பைகார்பனேட்டு 0.14. உப்பளத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட்டும் அப்புறம் ஜிப்சமும் படியும். கரைசலின் அடர்த்தியைக் காட்டும் பாமே மானியில் 25 டிகிரி அளவில் (வெப்பநிலை அல்ல) சோடியம் குளோரைடு விழ ஆரம்பிக்கும். 29, 30-க்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகளும் கலந்து உப்பு கசக்கும். அதற்குள் உப்பை வாரிவிட்டுக் கசப்பு நீரை வெளியேற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஜாடியில் சில உப்பு மட்டும் கசிவதற்கும் அதில் தங்கிப்போன மக்னீசியம் குளோரைடுதான் காரணம். ஈரத்தை இழுப்பது அது.

குளோரைடு 19.35 ÷ 35.5 = 0.545 மோல், சோடியம் 10.78 ÷ 23 = 0.469 மோல். குளோரைடு கூடுதல். அப்படியானால் கடலுக்கு எதிர் மின்சுமையா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்க வேண்டும். மோலை அயனியின் மின்சுமையால் பெருக்கிக் கூட்டுங்கள்.

நேர்: சோடியம் 0.469, மக்னீசியம் 2 × 0.053 = 0.106, கால்சியம் 2 × 0.010 = 0.020, பொட்டாசியம் 0.010. மொத்தம் 0.605.

எதிர்: குளோரைடு 0.545, சல்பேட்டு 2 × 0.028 = 0.056, பைகார்பனேட்டு 0.002. மொத்தம் 0.603.

இந்தச் சின்ன வித்தியாசம் தசமத்தைச் சுருக்கியதிலும், புரோமைடு போன்ற சில்லறை அயனிகளை விட்டதிலும் வருவது. உங்கள் தாளில் எதிர்ப்பக்கம் 0.575 என்று நின்றால் சல்பேட்டின் 2-ஐ மறந்திருக்கிறீர்கள். நேர்ப்பக்கம் 0.552 என்று நின்றால் மக்னீசியத்தின் 2-ஐ.